கொலாச்சி விற்ற இடமும் ஓட்டுப் பெட்டி இருந்த இடமும்

பெர்னடின் கொஸ்கோவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அது யூரிக் குடும்பத்துக் காது. அவள் அப்பா பால் யூரிக்குக்கு அப்படித்தான். அப்பாவின் அக்கா, பல் டாக்டர் வீட்டில் இருபது வருஷம் சமைத்த வெரோனாவுக்கும் அப்படித்தான். தம்பி ரீஜிஸுக்கு இன்றைக்கும் அப்படித்தான். ஆகஸ்டு மாதம் ஒரு வியாழக்கிழமை, தபால்காரர் போட்டுவிட்டுப் போன அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்றதை எதிர்வீட்டு டாட்டி மாலிக் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். “காது தக்காளி மாதிரி இருக்கு. இன்னைக்கு யாருக்கோ நேரம் சரியில்ல” என்று தன் பூனையிடம் சொன்னாளாம்.

அட்டையில் இருந்தது இரண்டே வரி. கோர்லி நகரக் கீழ்வார்டு வாக்காளர்கள் இனித் தீயணைப்புக் கூடத்தில் ஓட்டுப் போட வேண்டாம். மேட்டுத் தெரு பிரஸ்பிடீரியன் சர்ச் கூடத்துக்குப் போக வேண்டும்.

கீழ்வார்டுக்கு இந்த மாதிரி அட்டை வருவது புதிதல்ல. தகர மில் போனபோது ஒரு கடிதம் வந்தது. பாங்கு போனபோது ஒன்று, பள்ளிக்கூடம் போனபோது ஒன்று. புனித சிரில் கோயிலைப் பூட்டியபோது பிஷப் கையெழுத்தோடு ஒன்று. டவுன் பஸ் போனபோது கடிதம்கூட இல்லை, கம்பத்தில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொன்றிலும் ஒரே காரணம்தான்: ஆள் வருவதில்லை. இப்போது மிச்சம் இருந்தது ஒரு தீயணைப்பு வண்டி, ஒரு மதுக்கடை, வருஷத்துக்கு இரண்டு தடவை வரும் ஓட்டுப் பெட்டி. அந்தப் பெட்டியையும் தூக்கிவிட்டார்கள்.

பெர்னடின் அன்று மதியமே மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் போய் நின்றாள். அதிகாரி ட்ரெண்ட் ஆல்டனுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். சட்டைப் பையில் நாலு பேனா.

“உங்க பேர் என்னம்மா?”

“கொஸ்கோ. உங்க பட்டியல்ல ஐம்பத்தொரு வருஷமா இருக்கு, தேடிப் பாருங்க.”

“மிஸஸ் கொஸ்கோ, கோபப்படாதீங்க.”

“நான் இன்னும் கோபப்படவே ஆரம்பிக்கல.”

ஆல்டன் ஒரு தாளைத் திருப்பி வைத்தார். கீழ்வார்டில் பதிந்த பேர் ஆயிரத்து நூற்று நாற்பது. போன தடவை வந்தவர்கள் இருநூற்று ஏழு பேர். “அஞ்சுல ஒருத்தர்கூட வரல. அந்த இருநூறு பேருக்காக ஒரு கூடம், ஆறு ஊழியர், ரெண்டு இயந்திரம். நீங்களே சொல்லுங்க.”

“எவ்வளவு பேர் வந்தா நீங்க மதிப்பீங்க?”

அவர் யோசித்தார். தன்னை மடக்குகிறாள் என்று தெரிந்தும், இந்தக் கிழவியால் என்ன முடியப்போகிறது என்ற தைரியத்தில் வாயை விட்டார். “நவம்பர்ல உங்க வார்டுலேர்ந்து நானூறு பேர் மேட்டுக்கு வந்து போடட்டும். பெட்டியைத் திரும்பக் கீழ கொண்டுவரணும்னு நானே தேர்தல் குழுவுல எழுதி வைக்கறேன். இல்லேன்னா அது அங்கதான், நிரந்தரமா. நடுவுல தபால் ஓட்டு இருக்கே, அதையும் சொல்லிப் பாருங்க.”

“தபால்ல போட்டா கொலாச்சி கிடைக்குமா?” என்று கேட்டுவிட்டு அவள் எழுந்தாள். ஆல்டனுக்குப் புரியவில்லை. அவர் வேறு மாவட்டத்துக்காரர்.

கீழ்வார்டில் ஓட்டு என்றால் கொலாச்சி. மாவை மேஜை அகலத்துக்கு மெல்லிசாகத் தேய்த்து, அக்ரூட் பருப்பைப் பாலிலும் சர்க்கரையிலும் அரைத்து மேலே தடவி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி அடுப்பில் வைப்பது. வீட்டில் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் செய்வார்கள். சிரில் கோயில் பெண்கள் ஓட்டு நாளன்று தீயணைப்புக் கூடத்துச் சமையலறையில் செய்து விற்பார்கள். கோயில் பூட்டிய பிறகும் இதை மட்டும் விடவில்லை. ஒரு கதவில் பெட்டி, மறு கதவில் கொலாச்சி. இதற்காக வந்தவர்கள் அதையும் முடித்துக்கொண்டு போவார்கள்.

பெர்னடினின் ஆயுசே அந்தக் கூடத்தைச் சுற்றித்தான். ஆறு வயசில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டு இயந்திரத்துத் திரைக்குள்ளே கூட்டிப் போனார். பெரிய சிவப்புக் கைப்பிடியை அவர் இழுத்ததும் ‘கடக்’ என்று திரை மூடியது. அந்தச் சத்தம் அவளுக்கு இன்னும் முதுகில் கேட்கும். பத்தொன்பது வயசில் தானே இழுத்தாள். அந்த வரிசையில் முன்னால் நின்ற ஆண்டி கொஸ்கோவை அடுத்த வருஷம் கட்டிக்கொண்டாள். ஆண்டியின் நுரையீரலில் மில் தூசி சேர்ந்து அவன் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. முப்பத்தொரு வருஷம் அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். கீழ்வார்டில் ஐம்பது வயசுக்குக் கீழே இருக்கிற எல்லோரையும் ஒரு தடவையாவது “உட்காரு!” என்று அதட்டியிருக்கிறாள். வழுக்கை விழுந்த ஆம்பிளைகள் இன்னமும் அவளை “மிஸ் பெர்னி” என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

செப்டம்பர் முழுக்கக் கதவு கதவாகத் தட்டினாள். ரீஜிஸ் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். அவன் வாசலில் டிரக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். மில் மூடுகிற வரைக்கும் அவன் கழுதைச் சின்னத்துக் கட்சி. அப்புறம் யானைச் சின்னத்துக் கட்சி. அதுவும் சலித்துப்போய், இரண்டு வருஷமாக வாசலில் எந்தக் கட்சிப் பலகையும் இல்லை.

“யாருக்குடா போடப் போற?”

“யாருக்கும் இல்ல.”

“அப்படி ஒரு ஆள் நிக்கலையே.”

“கழுதை வந்துச்சு, மில் போச்சு. யானை வந்துச்சு, ஆஸ்பத்திரி போச்சு. இன்னும் எது வந்து எதைக் கொண்டு போகணும்ங்கற?”

“உன் மூளையைக் கொண்டு போகலாம்னா அது ஏற்கெனவே போயிடுச்சு. கேளுடா. நீ கழுதைக்குப் போடு, யானைக்குப் போடு, எருமை நின்னா எருமைக்குப் போடு. எனக்கு உன் மண்டை ஒண்ணு கணக்குல வேணும். நானூறு மண்டை.”

“நானூறு வந்தா பெட்டி வரும். பெட்டி வந்தா மில் வருமா?”

அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் அதே பேச்சு வேறு வாயில் வந்தது. ஒருத்தன் எல்லோரும் திருடன் என்றான். ஒருத்தி தான் போடுவது புருஷன் போடுவதற்கு நேர் எதிர், அதனால் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறோம் என்றாள். கூரை வேலை செய்கிற டேரல் நோவோட்னி, “மிஸ் பெர்னி, எனக்கு மேயர் யாருன்னே தெரியாது, ஆனா அவனைப் பிடிக்கல” என்றான். இந்த ஊரில் கட்சி என்பது இப்போது அப்படித்தான். பிடித்தவன் என்று யாரும் கிடையாது. பிடிக்காதவன் பெயர்கூடத் தெரியாது.  பெர்னடினுக்கு மாவட்டத்தின் மேல் கோபம் ஒரு பங்கு என்றால், இந்த ஜனங்கள் மேல் இரண்டு பங்கு.

அக்டோபர் கடைசியில் ஆண்டியின் தங்கை லியோனா வந்தாள். இருபது வருஷமாகக் கீழ்வார்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு ஓட்டுக்கூடத்தில் உட்காருகிறவள் அவள்தான். இந்தத் தடவை அவளுக்கு மேட்டு சர்ச்சில் மேஜை.

“பெர்னி, கொலாச்சி எங்க விக்கறோம்?”

“எங்கயா? எப்பவும் எங்க விப்போமோ அங்க.”

“பெட்டி மேட்டுல இருக்கே.”

“இருக்கட்டும்.”

“அங்க சர்ச்சுல சமையலறை இருக்கு. நான் வேணா பாஸ்டரைக் கேக்கறேன்...”

“மேட்டுக்காரன் வாசல்ல போய் நான் கொலாச்சி விக்கணுமா? என் மாமியார் அங்க துணி துவைச்சவ. பின்கதவு வழியா போய் பின்கதவு வழியா வந்தவ. பெட்டியைத் தூக்கிட்டுப் போனானுங்களே, கொலாச்சியையும் தட்டுல வெச்சுக் கொடுக்கவா? முடியாது. கீழ்வார்டு இன்னும் சாகலைன்னு அவனுங்க பார்க்கட்டும்.”

 அண்ணன் பெண்டாட்டியின் காதைப் பார்த்த லியோனா எழுந்து கிளம்பினாள்.

ஓட்டு நாள் செவ்வாய்க்கிழமை. விடிகிறதற்கு முன்னேயே அடுப்பு சூடாகிவிட்டது. நானூற்று முப்பது கொலாச்சி. வாங்குகிறவர்கள் முன்கூட்டியே பெயர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஏழு மணிக்குக் கதவைத் திறந்தபோது வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. பெர்னடினுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு கூட்டம் கோயில் பூட்டிய ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கீழ்வார்டில் இல்லை. டாட்டி மாலிக் பூனை முடி ஒட்டின கோட்டோடு வந்திருந்தாள். பல்லில்லாத ஆட்கள், கைக்குழந்தைக்காரிகள், மில் தொப்பியை இன்னும் கழற்றாதவர்கள் எல்லோரும் வந்தார்கள். ரீஜிஸ்கூட வந்து ஒன்று வாங்கிக்கொண்டு, “நல்லா இருக்கு கூட்டம்” என்று சொல்லிவிட்டுப் போனான். மேஜைகளுக்குக் காபி ஓயாமல் வந்தது. ஒவ்வொரு மேஜையிலும் மாவட்டத்தைத் திட்டினார்கள்.

“பெட்டியைக் கொண்டு போனானுங்களே, கொலாச்சியைக் கொண்டு போக முடிஞ்சுதா?” என்று டேரல் கத்த, எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். பெர்னடினும் தட்டினாள், கையெல்லாம் மாவு.

இரண்டு மணிக்குச் சமையலறை போன் அடித்தது. லியோனா. தாழ்ந்த குரல்.

“பெர்னி, எங்க எல்லாரும்?”

“இங்கதான். கூட்டம் தாங்கல. முன்னூறு போயாச்சு.”

“என்ன முன்னூறு?”

“கொலாச்சி.”

“பெர்னி... என் மேஜைக்கு வந்தது எண்பத்தெட்டு பேர்.”

பெர்னடின் போனை வைக்கவில்லை. அது வயரில் தொங்கியது. கூடத்துக்குள் வந்து நின்று ஒவ்வொரு மார்பாகப் பார்த்தாள். ஓட்டுப் போட்டவர்களுக்குச் சட்டையில் ஒட்ட ஒரு சின்ன முட்டை வடிவச் சீட்டு கொடுப்பார்கள். அறுபது பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் அந்தச் சீட்டு ஒரே ஒரு கோட்டில் இருந்தது. டாட்டி மாலிக்கின் கோட்டில். அதுவும் போன வருஷத்துச் சீட்டு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து வந்த அத்தனை பேரும் ஓட்டு நாளில் தாங்கள் எப்போதும் எங்கே வருவார்களோ அங்கே வந்தார்கள். அப்பன் வந்த இடம், பாட்டன் வந்த இடம். கொலாச்சி வாங்கினார்கள். நாலு பேரைப் பார்த்தார்கள். திட்ட வேண்டியதைத் திட்டினார்கள். செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மேட்டுக்குப் போக எண்ணியவர்களும் ரயில்வே கேட் வரைக்கும் போய், அங்கே சரக்கு ரயில் குறுக்கே நிற்பதைப் பார்த்து, கொலாச்சி சூடாறுவதற்குள் திரும்பிவிட்டார்கள். இதெல்லாம் யார் செய்தது? ஆல்டனா? பேனா வைத்தவனா? இல்லை. நான்தான். நான்தான் இவர்களை இங்கே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

காது மட்டுமல்ல, கழுத்து வரைக்கும் சிவந்தது.

“எழுந்திருங்க!”

பஸ் ஓட்டின குரல். டேரல் நோவோட்னி, நாற்பத்தாறு வயசு ஆள், காபியைச் சிந்திக்கொண்டு எழுந்து நின்றான்.

“யாராவது ஓட்டுப் போட்டீங்களா? கை தூக்குங்க. ... ஒருத்தரும் இல்ல? வெட்கமா இல்ல? டேரல், என்னமோ மேஜையைத் தட்டினியே. தட்டினா பெட்டி வருமா?”

“நீங்களும் தட்டினீங்க, மிஸ் பெர்னி.”

“தட்டினேன். என் கையை உடைக்கணும். எல்லாரும் வண்டியில ஏறுங்க. மிச்சக் கொலாச்சியும் வண்டிக்குப் போகுது. இனிமே ஒண்ணு வேணும்னா மேட்டுலதான்.”

தீயணைப்புக்காரர்கள் பிங்கோ ஆட ஆட்களை ஏற்ற வைத்திருந்த பழைய பள்ளிக்கூட பஸ் பின்னால் நின்றது. சாவி எங்கே தொங்கும் என்று அவளுக்குத் தெரியும். தட்டுகளைப் பின் சீட்டில் அடுக்கினார்கள். கேட்டில் ரயில் அப்படியே நின்றது, எஞ்சின் ஒரு ஊரில், வால் ஒரு ஊரில். அவள் ரயிலைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். அதை எழுத முடியாது. அப்புறம் வண்டியைத் திருப்பி, எட்டாம் தெருப் பாலம் வழியாக இருபது நிமிஷம் சுற்றிப் போனாள். பின்னாலேயே ஆறு கார், ஒரு டிரக், டேரலின் ஏணி கட்டின வேன். கொலாச்சி போகிற பக்கம் கீழ்வார்டு போனது.

மேட்டு சர்ச்சின் முன்கதவு வழியாகவே அவள் நுழைந்தாள். வரிசையில் முதல் ஆள் அவள்தான். மாவுக் கையோடு கையெழுத்துப் போட்டாள். லியோனா பட்டியலில் அவள் பெயரைக் கண்டுபிடித்துக் கோடு போட்டபோது தலை நிமிரவில்லை. சிரிப்பை அடக்கினாளா, அழுகையை அடக்கினாளா என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அதன் பிறகு இறக்கினாள், திரும்பினாள், ஏற்றினாள். ஐந்து நடை. பெயர் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் ஹாரன் அடித்தாள். சிலர் வீட்டுச் செருப்போடவே வந்தார்கள். சிலர் திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டார்கள். சிலர் வேலைக்குப் போயிருந்தார்கள். காலையில் கொலாச்சியோடு புறப்பட்டவர்கள், ஓட்டு முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வருவார்கள்.

ஏழேகால் மணிக்கு, ஒரே ஒரு நடைக்கு நேரம் இருந்தபோது, ரீஜிஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவன் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தான். கொலாச்சியில் பாதி காலி.

“வாடா. வண்டி ஓடிக்கிட்டிருக்கு.”

“வரமாட்டேன்.”

“ரீஜிஸ், நானூறுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.”

“பெட்டி கீழ இருந்தா வந்திருப்பேன். அந்த சர்ச்சுக்குள்ள வரமாட்டேன். எங்க ஆயிரத்து இருநூறு பேரை வீட்டுக்கு அனுப்பின மேனேஜர் அடுத்த ஞாயித்துக்கிழமை அங்கதான் முன்வரிசையில உட்கார்ந்து பாட்டுப் பாடினான். நான் வெளிய நின்னு கேட்டேன்.”

“அவன் செத்து முப்பது வருஷம் ஆச்சுடா.”

“நீ என்ன சொன்ன? மேட்டுக்காரன் வாசல்ல போய் விக்கமாட்டேன்னு சொன்னியாமே. ஊரே சொல்லுது. உன் கொலாச்சிக்கு இருக்கற ரோஷம் என் ஓட்டுக்கு இருக்கக் கூடாதா?”

பெர்னடின் வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை. அடித்துச் சாத்த அவளுக்கு உரிமை இல்லை என்று பட்டது.

எட்டு மணிக்குக் கூடத்தைப் பூட்டினார்கள். லியோனா இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். முன்னூற்றுத் தொண்ணூற்றொன்று.

அடுத்த வாரம் குழுக் கூட்டம். ஆல்டன் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். “கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, மிஸஸ் கொஸ்கோ. பாராட்டணும். ஆனா சொன்ன எண் நானூறு.”

பெர்னடின் அந்தப் பெயர் எழுதிய தாள்களை மேஜை மேல் போட்டாள். “இதுல நானூத்து முப்பது பேர். ஓட்டு நாளைக்கு எங்க பெட்டி இருந்த இடத்துக்கு வரேன்னு பேர் கொடுத்தவங்க. ரெண்டு மணிக்குள்ளயே முன்னூறு பேர் வந்தாச்சு. ஜனம் வரலைன்னு இனிமே எந்தக் கடிதத்துலயும் எழுதாதீங்க. ஜனம் வந்துச்சு. பெட்டிதான் இல்ல.”

“ஆனா இது... கொலாச்சிப் பட்டியல்தானே?”

“ஆமா. அதை அங்க வெச்சது என் முட்டாள்தனம். அந்த ஒன்பது பேரை நான் தோத்தேன். மிச்சத்தை நீங்க தோக்கடிச்சீங்க. பெட்டியை வெச்சுக்குங்க, பத்திரமா வெச்சுக்குங்க. அது எங்க போனாலும் இனி பின்னாலயே நான் வருவேன்.”

வெளியே வந்து நேராக மேட்டு சர்ச்சுக்கு நடந்தாள். ஏற்றம், எழுபது வயசு, மூச்சு வாங்கியது. பாஸ்டர் கதவைத் திறந்தார். மேட்டுக்காரனிடம் ஒன்றைக் கேட்பது கொஸ்கோ குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம். அவள் கேட்ட விதமும் கேட்கிற மாதிரி இல்லை. “மே மாசம் ஓட்டு நாளைக்கு உங்க சமையலறை எனக்கு வேணும். காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும். அடுப்பு நல்லா எரியுமா?”

பாஸ்டர் பயந்துபோய்த் தலையாட்டினார்.

அந்த அடுப்பு நல்லா எரியவில்லை. ஒரு பக்கம் கருகியது, ஒரு பக்கம் வேகவில்லை. மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் பெர்னடின் அதைத் திட்டிக்கொண்டே தட்டுகளைத் திருப்பி வைத்தாள். கழுத்தில் பிங்கோ பஸ்ஸின் சாவி தொங்கியது. அன்று பஸ் இரண்டு நடை ஓடி முடித்திருந்தது. கூடத்தின் ஒரு கதவில் பெட்டி, மறு கதவில் கொலாச்சி. எட்டரை மணிக்கு வாசலில் ஒரு நிழல். ரீஜிஸ் மில் தொப்பியோடு நின்றான். உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக.

“உன் ரோஷம் என்ன ஆச்சு?” என்று கேட்டான்.

“மாவுல போட்டுப் பிசைஞ்சுட்டேன். உன்னுது?”

அவன் தட்டைப் பார்த்தான். அதில் பாதி கருகியிருந்தது. கை நீட்டினான்.

பெர்னடின் தட்டைப் பின்னுக்கு இழுத்தாள். இரண்டு பேர் காதும் ஒரே நிறத்தில் சிவந்திருந்தன.

“கொலாச்சி எங்கயும் ஓடிடாது” என்றாள். “வரிசை அந்தப் பக்கம்.”